முழத்துக்கும் உயரத்துக்கும் என்ன உறவு?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் பூக்கடை முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மல்லிகைச் சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை இழுத்துப் பிடித்து, "ஒரு முழம்" என்று அளந்து தருவார்கள். விவரம் தெரிந்த பாட்டிமார் சிலர், கடையில் இருவர் நின்றால் நெட்டையாக இருப்பவரிடம்தான் போய் நிற்பார்கள். நெட்டையான ஆளுக்கு முழமும் நீளம். அதே காசுக்கு இரண்டு விரல் பூ கூடுதலாகக் கிடைக்கும்.

அந்தப் பாட்டியின் கணக்கைத்தான் 1888 டிசம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தார் ஃபிரான்சிஸ் கால்ட்டன். தமது அளவைக் கூடத்தில் அளக்கப்பட்ட சுமார் 350 ஆண்களின் உடல் அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒருவரின் உயரத்தைச் சொன்னால் அவருடைய முழத்தை எவ்வளவு நெருக்கமாக ஊகிக்கலாம் என்று கணக்கிட்டார். கிடைத்த எண் 0.8. அந்த உறவுக்கு அவர் வைத்த பெயர் 'கோ-ரிலேஷன்'. நடுவில் சிறு கோடு போட்டுத்தான் எழுதினார். பின்னர் கோடு மறைந்து, சொல் 'கோரிலேஷன்' ஆயிற்று. மலாய் மொழியில் 'கோரேலாசி'. தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடநூல்களில் 'ஒட்டுறவு'.

இன்று இந்தச் சொல் நாளிதழிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அலுவலகக் கூட்டத்திலும் புழங்குகிறது. ஆனால் புழங்கும் இடங்களில் பாதிக்குமேல், அது சொல்லாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறோம். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரியாமல் போனதால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கதையில் ஒரு பகுதி நடந்தது கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும்தான். அதற்குப் பிறகு வருவோம். முதலில் சொல்.

மாமியார் இல்லாமல் மருமகள் ஏது?

'கோர்' என்ற முன்னொட்டு லத்தீனில் 'சேர்ந்து' என்று பொருள் தருவது. 'ரிலேஷன்' உறவு. எனவே 'சேர்ந்த உறவு', அதாவது ஒன்றைச் சொன்னால் மற்றொன்றும் உடன் வந்து நிற்கும் உறவு. பழைய தத்துவ நூல்களில் தந்தை–மகன் போன்ற இணைகளைச் சுட்ட இந்தச் சொல் குடும்பம் பயன்பட்டது. மாமியார் என்று ஒருவரைச் சொன்னாலே, எங்கோ ஒரு மருமகளோ மருமகனோ இருந்தாக வேண்டும் அல்லவா? அந்த மாதிரி.

19ஆம் நூற்றாண்டில் உயிரியலார் இதைக் கையில் எடுத்தார்கள். ஓர் உயிரின் உடலில் ஒரு பகுதி மாறினால் வேறொரு பகுதியும் கூடவே மாறுவதைக் குறிக்க, டார்வின் 1859இல் வெளிவந்த தமது நூலில் 'வளர்ச்சியின் கோரிலேஷன்' என்று எழுதினார். அவர் தந்த உதாரணம் வேடிக்கையானது: வெள்ளை உரோமமும் நீலக் கண்களும் கொண்ட பூனைகள் செவிடாக இருக்கின்றன. (எல்லாப் பூனையும் அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்தப் போக்கு உண்மைதான்.) நீலக் கண் காதை அடைக்கவில்லை, செவிட்டுத்தன்மை கண்ணுக்கு நீலம் பூசவுமில்லை. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

கால்ட்டன் டார்வினின் உறவினர். அவர் செய்த புதுமை, இந்த 'சேர்ந்து வருதல்' எவ்வளவு என்று எண்ணால் சொன்னது. அதற்கு உடனடிப் பயனும் இருந்தது. அக்காலத்தில் பாரிஸ் காவல்துறையில் அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன் என்பவர் கைதிகளின் உடல் அளவுகள் பலவற்றைக் குறித்துவைத்து ஆளை அடையாளம் காணும் முறையை நடத்திவந்தார். உயரம், கை, விரல், பாதம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சாட்சி என்பது அவர் கணக்கு. கால்ட்டன் கேட்ட கேள்வி எளியது: நெட்டை மனிதனுக்குக் கையும் பாதமும் நீளமாகத்தானே இருக்கும்? அப்படியானால் அது நான்கு சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி நான்கு முறை பேசுவது. இதே கால்ட்டன்தான், 'உயர்ந்த' மனிதர்களை மட்டும் பெருகவைக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கும் பெயர் சூட்டியவர். அளக்கத் தெரிந்தவர் எல்லாம் ஞானி ஆகிவிடுவதில்லை.

ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவே

இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பிக்கப்படும் ஒட்டுறவுக் கெழுவின் சூத்திரத்தை 1896இல் சீராக்கித் தந்தவர் கார்ல் பியர்சன். அது எப்போதும் −1இலிருந்து +1க்குள்தான் இருக்கும். ஒன்று கூடும்போது மற்றதும் கூடினால் நேர் ஒட்டுறவு: உயரமும் முழமும். ஒன்று கூட மற்றது குறைந்தால் எதிர் ஒட்டுறவு. தாப்பாவில் புறப்பட்டுக் கேமரன் மலை ஏறுங்கள். உயரம் ஏற ஏற வெப்பநிலை இறங்கும். ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி. இந்த எண் −1ஐ நெருங்கி நிற்கும். உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கமும் உங்கள் எடையும் சுழியத்தில் நிற்கும். அவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த எண்ணைப் படிப்பதில் இரண்டு தவறுகள் சகஜம். 0.8 என்றால் 80 விழுக்காடு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அந்த எண்ணை அதனாலேயே பெருக்க வேண்டும், 0.64 வரும். ஆளுக்கு ஆள் முழம் மாறுவதில் 64 விழுக்காட்டை உயரத்தைக் கொண்டு கணக்குச் சொல்லிவிடலாம், மீதி 36 உயரத்துக்குக் கட்டுப்படாதது என்று பொருள். குட்டைக் கை நெட்டையர்களும் உலகில் உண்டு. பாட்டி சில நாள் ஏமாறவும் கூடும்.

இரண்டாவது தவறு, சுழியம் என்றால் தொடர்பே இல்லை என்று நினைப்பது. இந்த எண் நேர்கோட்டு உறவை மட்டும்தான் மோப்பம் பிடிக்கும். ஓர்க்கிட் செடிக்குத் தண்ணீர் விடாவிட்டால் வாடும், அளவாக விட்டால் பூக்கும், அளவு மீறினால் வேர் அழுகும். தண்ணீருக்கும் பூவுக்கும் ஆழமான தொடர்பு இருக்கிறது. ஆனால் ஏறி இறங்கும் அந்தக் கோட்டின் ஒட்டுறவு எண் சுழியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாலும் வியப்பில்லை. அதனால்தான் எண்ணைப் பார்ப்பதற்குமுன் புள்ளிகளைத் தாளில் வரைந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

ஆலா, ஓடா?

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வேற்றுமை படித்தது நினைவிருக்கிறதா? ஆல், ஆன், ஒடு, ஓடு என்று ஒப்பித்திருப்போம். ஆசிரியர் இன்னொன்றும் சொல்லியிருப்பார்: இந்த ஒரே வேற்றுமைக்குள் வெவ்வேறு பொருள்கள் குடியிருக்கின்றன. 'மழையால் சாலை நனைந்தது' என்றால் மழை காரணம். 'மழையோடு காற்றும் வந்தது' என்றால் இரண்டும் சேர்ந்து நிகழ்ந்தன, அவ்வளவே. பின்னதற்கு இலக்கணத்தில் பெயர் 'உடனிகழ்ச்சி'. கோரிலேஷன் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒட்டுறவு என்பது 'ஓடு'. அதை 'ஆல்' ஆக்கிவிடுவதுதான் நாம் எல்லாரும் செய்யும் பிழை.

ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, பால்பல் விழுந்து முளைத்த நிலையான பற்களை எண்ணுங்கள். அப்படியே பெருக்கல் வாய்பாட்டிலும் ஒரு சோதனை வையுங்கள். பல் அதிகமான பிள்ளை வாய்பாட்டிலும் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கும். ஒட்டுறவு பலமாகவே வரும். அதற்காக யாரும் பிள்ளையைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கணக்குச் சொல்லித்தரச் சொல்வதில்லை. இடையில் வயது என்ற மூன்றாமவர் ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும். பல்லையும் வளர்ப்பவர் அவர், வாய்பாட்டையும் ஏற்றுபவர் அவர். டார்வினின் பூனைக் கதைதான் இது.

இதே பள்ளியில் 'காலை உணவோடு புள்ளிகளும் கூடுகின்றன' என்று ஒரு கணக்கு வந்தால் மட்டும் நம் கை துறுதுறுக்கிறது. 'காலை உணவால் புள்ளிகள் கூடும்' என்று தலைப்புப் போட்டுவிடுவோம். காலையில் அமர்ந்து சாப்பிட வைக்கும் வீடு பெரும்பாலும் எப்படிப்பட்ட வீடு? நேரத்துக்கு எழுப்பும் வீடு, வீட்டுப்பாடம் கேட்கும் வீடு, பசி என்ற கவலை இல்லாத வீடு. ஒளிந்திருக்கும் மூன்றாமவர் இங்கே ஒருவர் அல்ல, ஒரு குடும்பமே. உணவுக்கும் பங்கு இருக்கலாம். எவ்வளவு என்று இந்தக் கணக்கு மட்டும் சொல்லாது.

இன்னும் விசித்திரமான ஒட்டுறவும் உண்டு. 1926இல் உட்னி யூல் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் தம் சக அறிஞர்கள் முன் ஒரு கணக்கைப் படித்துக் காட்டினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த திருமணங்களில் எத்தனை பங்கு இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தன என்பது ஒரு பட்டியல். அதே ஆண்டுகளின் இறப்பு விகிதம் இன்னொரு பட்டியல். இரண்டுக்கும் ஒட்டுறவு 0.95! தேவாலயத்தில் தாலி கட்டினால் – அவர்கள் வழக்கப்படி மோதிரம் மாற்றினால் – சாவு கூடுமா? அந்த 46 ஆண்டுகளில் சுகாதாரம் மேம்பட்டதால் இறப்பு குறைந்துகொண்டே வந்தது. திருச்சபைத் திருமண வழக்கமும் தன் போக்கில் குறைந்துகொண்டே வந்தது. காலப்போக்கில் ஒரே திசையில் நகரும் எந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவை உறவினர் போலத் தோன்றும். யூல் இவற்றை 'அர்த்தமற்ற ஒட்டுறவுகள்' என்றே அழைத்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் ஒருமுறை விழுந்த பழத்துக்குத்தான் சொல்வோம். 46 ஆண்டுகள் தொடர்ந்து விழுந்தாலும் காக்கை நிரபராதியாக இருக்கலாம் என்று காட்டியவர் யூல்.

மறுபக்கத்துத் தவறு

'ஒட்டுறவு காரணம் ஆகாது' என்ற இந்தப் பாடத்தை அளவுக்குமீறிக் கற்றவர்களும் உண்டு. எனக்கு இவர்களிடம்தான் அதிக பயம்.

1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காகப் படுத்திருந்த 649 ஆண்களையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோயாளிகளில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். மற்ற அணியில் 27 பேர். உலகின் மிகச் சிறந்த புள்ளியியலாளர் என்று போற்றப்பட்ட ரோனால்ட் ஃபிஷர் இதை ஏற்கவில்லை. ஒட்டுறவு காரணம் ஆகாது என்றார். புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு தரக்கூடும் என்றார். நோயின் தொடக்க எரிச்சல்தான் மனிதனைப் புகைக்கத் தூண்டுகிறதோ என்றும் கேட்டார். தர்க்கப்படி இவை கேட்கத் தகுந்த கேள்விகள்தான். ஆனால் ஃபிஷர் தாமே குழாய் புகைப்பவர், புகையிலை உற்பத்தியாளர்களுக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டாலும் ஹில்லும் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1951இலேயே பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பி, யார் எவ்வளவு புகைக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, 34,439 ஆண் மருத்துவர்களைப் பின்தொடர்ந்தார்கள். சிகரெட் கூடக் கூடச் சாவும் கூடியது. விட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தது. மரபணுதான் காரணம் என்றால் சிகரெட்டை விட்டதும் அது எங்கே போயிற்று?

பெரிபெரி: நம் ஊர்க் கதை

இப்போது மலாயாவுக்கு வருவோம். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலம். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். எதனால் என்று யாருக்கும் தெரியாது. ஈர மண்ணிலிருந்து எழும் நச்சுக்காற்று என்றார்கள், கிருமி என்றார்கள், நெரிசலான கட்டடம் என்றார்கள். கிருமிக் கொள்கை அப்போதுதான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. எதைக் கண்டாலும் கிருமியாகத் தெரிந்த காலம்.

நெகிரி செம்பிலானின் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் நோய் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களைத்தான் தாக்குகிறது. தமிழர்களுக்கு வருவது அரிது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அரிது. இனத்துக்கும் நோய்க்கும் அப்பட்டமான ஒட்டுறவு. 'அவர்கள் உடல்வாகு அப்படி' என்று அதோடு முடித்திருக்கலாம். காலனிய காலத்தில் அப்படி முடிக்கப்பட்ட கதைகளுக்குக் குறைவில்லை.

பிராடன் தட்டைப் பார்த்தார். சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் ஆலையில் நன்றாகத் தீட்டப்பட்டு வந்த பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே குத்தி அவ்வப்போது சாப்பிட்டார்கள். தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. இனம் என்று தெரிந்தது உண்மையில் அரிசி. ஒளிந்திருந்த மூன்றாமவரை அவர் பிடித்துவிட்டார். (எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை புழுங்கல் அரிசிதான். அந்த வாடை பிடிக்காமல் சிறுவயதில் முகத்தைச் சுளித்தவன் நான். இந்தக் கதை தெரிந்த பிறகு சுளிப்பதில்லை.)

ஆனால், அரிசிதானா? சீனத் தொழிலாளருக்கும் தமிழ்த் தொழிலாளருக்கும் அரிசி மட்டுமா வேறுபாடு? தொழில் வேறு, குடியிருப்பு வேறு, குழம்பு வேறு. 'ஓடு' என்பதைத் தாண்டி 'ஆல்' என்று சொல்ல, அரிசியை மட்டும் மாற்றி மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்தவர் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் மருத்துவமனை. 1905இன் இறுதியில் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்காரர்களுக்கு மேற்குப் பக்கம். இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இருவருக்கும் ஒன்று. யார் எந்த இனம், யாருக்கு எந்த உடல்வாகு என்று பார்க்கவில்லை. வரிசையில் நின்ற இடம் முடிவு செய்தது.

பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 30க்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் நோய் இருந்தவர்கள் இரண்டு பேர். அந்த இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். இறந்தவர் எவரும் இல்லை. 1907இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

இந்த எண்களை எழுதும்போது மனம் சங்கடப்படாமல் இல்லை. அந்த 120 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை; கேட்டாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. நாம் நம்பிக்கையோடு எழுதும் 'காரணம்' என்ற சொல்லுக்கு, பெயர் தெரியாத 18 பேர் விலை கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் இன்னும் ஒரு படி போனார்கள். ஜெலெபு காட்டுக்குள் டுரியான் தீப்புஸ் என்ற இடத்தில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். முன்பு எவரும் குடியிருந்து நோய் பரப்பியிருக்க முடியாத இடம் அது. ஓர் அணிக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. மூன்று மாதம் கழியும் வேளையில் பச்சரிசி அணியில் நோய் தலைகாட்டியது. அந்த அரிசியை நிறுத்தினார்கள், நோய் நின்றது. பிறகு இதுவரை நலமாக இருந்த அணிக்குப் பச்சரிசியைக் கொடுத்தார்கள். நோய் அங்கே போயிற்று. அரிசி போகும் இடமெல்லாம் நோயும் போகிறது, அரிசி விலகினால் நோயும் விலகுகிறது. ஜாவாக்காரர்கள் என்பதால் 'சீன உடல்வாகு' என்ற பேச்சும் அடிபட்டுப்போயிற்று.

இதற்கு முன்பே ஜாவாவில் டச்சுக்காரர்கள் வேறு வழியில் அதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். எய்க்மன் என்ற மருத்துவரின் கோழிகளுக்குக் கால் தள்ளாடியது. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் அவை. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவச் சோற்றைப் பொதுமக்கள் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். கோழிகளுக்கு மட்ட அரிசி போயிற்று, கோழிகள் தேறின! ஒரு சமையற்காரரின் கஞ்சத்தனம் உலக மருத்துவத்துக்குச் செய்த உபகாரம் இது. மனிதர்களிலும் இப்படித்தானா என்று பார்க்க, வோர்டர்மன் என்ற மருத்துவ அதிகாரி ஜாவாவின் 101 சிறைகளின் கணக்கை எடுத்தார். தவிடு நீக்காத அரிசி தந்த 37 சிறைகளில் பெரிபெரி இருந்தது ஒன்றில். தீட்டிய அரிசி தந்த 51 சிறைகளில் இருந்தது 36இல். இரண்டும் கலந்து தந்த 13 சிறைகளில் 6. கட்டடத்தின் வயது, காற்றோட்டம், தரை, நெரிசல் எல்லாவற்றையும் அவர் நோயோடு பொருத்திப் பார்த்தார். எதிலும் ஒட்டுறவு இல்லை. ஒட்டுறவு இல்லை என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். நச்சுக்காற்றுக்கும் நெரிசலுக்கும் அங்கே கதவு சாத்தப்பட்டது.

இனித்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இத்தனை சரியாக அரிசியைக் கண்டுபிடித்த பிராடன், காரணத்தை என்னவென்று சொன்னார் தெரியுமா? பழைய பச்சரிசியில் ஒரு பூஞ்சை வளர்ந்து நஞ்சை உண்டாக்குகிறது என்றார். எய்க்மனும் முதலில், வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்றுதான் நினைத்தார். இருவரும் தவறு. அரிசியில் எதுவும் கூடுதலாக இல்லை, ஒன்று குறைவாக இருந்தது. தவிட்டோடு போய்விட்ட அந்தப் பொருளைத்தான் இன்று பி1 வைட்டமின், அதாவது தயமின் என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. சத்தைப் பற்றி எதுவும் அறியாமலே நம் முன்னோர் தங்கள் வழக்கத்தால் காப்பாற்றப்பட்டார்கள்.

அரிசியோடு நோய் வருகிறது என்பது சரி. அரிசியால் வருகிறது என்பதும் சோதனையில் நின்றது. ஆனால் அரிசியில் உள்ள எதனால் என்பதில் இருவரும் சறுக்கினார்கள். ஒரு 'ஆல்'-ஐத் திறந்தால் உள்ளே இன்னொரு 'ஆல்' இருக்கிறது.

1910 மார்ச்சில் தூரக்கிழக்கு நாடுகளின் வெப்பமண்டல மருத்துவர்கள் மணிலாவில் கூடினார்கள். பெரிபெரி பற்றி ஒரு தீர்மானம் போட வேண்டும். ஃபிரேசர், ஸ்டான்டன் ஆய்வு வந்துவிட்டது. ஆனால் அரிசியில் குறைவது எது என்று யார் கையிலும் இல்லை. அவர்கள் எழுதியது இதுதான்: தீட்டிய வெள்ளையரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்பதற்குப் போதிய சான்று கிடைத்துவிட்டது, அரசாங்கங்களின் கவனத்துக்கு இதைக் கொண்டுசெல்ல வேண்டும். உண்பதோடு. 'ஆல்' என்று எழுதத் துணியவில்லை, 'ஓடு' என்பதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. மலாயாவில் அரசாங்க மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் பச்சரிசி மூட்டைகளின் இடத்துக்குப் புழுங்கல் அரிசி மூட்டைகள் வந்தன.

பி1ஐத் தவிட்டிலிருந்து தூய படிகமாக ஜான்சனும் டோனத்தும் பிரித்தெடுத்தது 1926இல், பத்தாவியா நகரில். எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1929இல்.